கோவைகளின் உலகம் – 14: விடை 7தான், வேகம்தான் வேறு

பட்டியலின் வாலில் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போனால் ஒரு லட்சம் உறுப்புகளுக்கு 500 கோடி நகலெடுப்புகள் ஆகும் என்று போன வாரம் கணக்குப் போட்டோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். இந்த வாரம் மேத்தமெட்டிகா மொழியில் வரிசைப்படுத்தும் சார்பான ‘சார்ட்’ பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கான குறிப்புகளைத் தேடும்போது லிஸ்ப் வல்லுநர் ரிச்சர்ட் கேப்ரியலின் புத்தகம் கையில் அகப்பட்டது. அதிலிருந்து மனம் வேறு எதிலும் நிற்கவில்லை. சார்ட், இந்தக் கட்டுரையின் கடைசிக்குத் தள்ளிப்போகிறது. இடம் மிஞ்சினால் பார்ப்போம்.

1985இல் எம்.ஐ.டி. பிரஸ் வெளியிட்ட அந்தப் புத்தகம் முழுக்க முழுக்க லிஸ்ப் மொழியின் வேகத்தைப் பற்றியது. அன்று பல பெரிய கணினிகளில் லிஸ்ப் ஓடியது. சிம்பாலிக்ஸ் நிறுவனம் லிஸ்ப்புக்காகவே தனி இயந்திரம் கட்டிக்கொண்டிருந்தது. ஜெராக்ஸிடம் ஒன்று, டெக் நிறுவனத்தின் கணினிகளில் இன்னும் சில, க்ரே சூப்பர் கம்ப்யூட்டரில்கூட ஒன்று. எது வேகம் என்று கேட்டால் அவரவர் தம்முடையதைத்தான் சொன்னார்கள். கேப்ரியல் சின்னச் சின்ன நிரல்களைத் திரட்டி, எல்லா இயந்திரங்களிலும் ஓடவைத்து, நேரங்களை அட்டவணை போட்டார். அந்தத் திரட்டில் முதலில் நிற்பது ‘டாக்’.

டாக் மூன்று முழு எண்களை வாங்கிக்கொள்ளும் சார்பு. அவற்றை அ, ஆ, இ என்று வைத்துக்கொள்வோம். ‘ஆ’ என்பது ‘அ’வைவிடச் சிறியதாக இல்லாவிட்டால், விடை ‘இ’, வேலை முடிந்தது. சிறியதாக இருந்தால் டாக் தன்னையே மூன்று முறை அழைக்கும்: (அ–1, ஆ, இ), (ஆ–1, இ, அ), (இ–1, அ, ஆ). அந்த மூன்று விடைகளையும் மூன்று எண்களாக வைத்துக்கொண்டு நான்காவது முறையாகவும் தன்னையே அழைக்கும். அவ்வளவுதான் நிரல். பெருக்கல் இல்லை, வகுத்தல் இல்லை, பட்டியல் இல்லை. ஒன்றைக் கழிப்பது, ஒப்பிடுவது, அழைப்பது மட்டுமே.

(2, 1, 0) என்று கொடுத்துப் பாருங்கள். 1 என்பது 2ஐவிடச் சிறியது. ஆகவே மூன்று அழைப்புகள். (1, 1, 0)இன் விடை 0. (0, 0, 2)இன் விடை 2. (–1, 2, 1)இன் விடை 1. இப்போது (0, 2, 1). 2 என்பது 0ஐவிடச் சிறியதல்ல, ஆகவே விடை 1. முதல் அழைப்பையும் சேர்த்து மொத்தம் ஐந்து. தாளிலேயே முடிந்துவிடும் கணக்கு.

கேப்ரியல் கொடுத்தது (18, 12, 6). விடை 7. அந்த 7ஐத் தொடுவதற்குள் டாக் 63,609 முறை அழைக்கப்படுகிறது. ஒன்றைக் கழிக்கும் வேலை 47,706 முறை நடக்கிறது. இந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று நாமே சோதிக்கலாம். முடிந்துபோகாத ஒவ்வொரு அழைப்பும் நான்கு புதிய அழைப்புகளைப் பிறப்பிக்கிறது. முதல் அழைப்பைக் கழித்துவிட்டு 63,608ஐ 4ஆல் வகுத்தால் 15,902. அவை ஒவ்வொன்றிலும் மூன்று கழித்தல்: 47,706. அச்சிட்ட அட்டவணை ஒன்று இப்படிப் பென்சிலுக்கு வழிவிடும்போது எனக்கு வரும் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல!

கேப்ரியல் டாக்கோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். அவர் அதே சார்பை வேறு வேறு விதமாக எழுதி ஒரு குடும்பத்தையே வரிசையில் நிறுத்தினார். எல்லாவற்றுக்கும் கொடுப்பது 18, 12, 6. எல்லாவற்றிலும் விடை 7. அழைப்பு மரம் இம்மியும் மாறாது. மாறுவது அந்த மரத்தில் ஏறி இறங்கும் முறை.

‘எஸ்டாக்’கில் எண்கள் நேராகக் கைமாறுவதில்லை. எல்லாருக்கும் தெரியும் பொதுப் பெயர்களில் கட்டப்படுகின்றன. ஒவ்வொரு அழைப்பிலும் அந்தப் பெயருக்கு முன்பிருந்த மதிப்பை எடுத்து ஓரமாக வைக்க வேண்டும், திரும்பும்போது பழையபடி கட்ட வேண்டும். ‘சிடாக்’கில் விடை சாதாரணமாகத் திரும்பி வராது. ஓரிடத்தில் ‘பிடிக்கிறேன்’ என்று நிரல் சொல்லி வைக்கும், உள்ளேயிருந்து ‘எறிகிறேன்’ என்று விடை வரும். எறிந்தது யாருக்கு என்று இயந்திரம் ஒவ்வொரு தடவையும் தேட வேண்டும். தவறு நேர்ந்தால் தப்பித்து வெளியேற ஏற்பட்ட வழி அது. அதை அன்றாடப் போக்குவரத்துக்கு விட்டால் என்ன செலவாகும் என்று சிடாக் காட்டிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ‘டாக்எல்’. அதில் எண்ணே கிடையாது. 18 என்பதற்குப் பதில் பதினெட்டு உறுப்புகள் உள்ள பட்டியல்; 12க்குப் பன்னிரண்டு, 6க்கு ஆறு. ஒன்றைக் கழிக்க வேண்டுமா? தலையை விட்டுவிட்டு மிச்சத்தைப் பிடித்தால் போதும். லிஸ்ப்பில் அதைவிட மலிவான வேலை இல்லை. ஒப்பிடும்போதுதான் சிக்கல். எது சிறியது என்று தெரிய, இரண்டு பட்டியல்களின் மேலும் ஒவ்வோர் அடியாகக் கூடவே நடந்து, எது முதலில் தீர்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் கணக்கில் எந்த எண்ணும் 5க்குக் கீழே இறங்குவதில்லை. ஆகவே ஒவ்வோர் ஒப்பீட்டிலும் குறைந்தது ஐந்து அடி நடந்தாக வேண்டும். 63,609 ஒப்பீடுகளுக்கு 3 லட்சம் அடிகளுக்கு மேல். கழித்தலில் எதையும் இழக்காமல், ஒப்பிடுதலில் மட்டும் இவ்வளவு இழப்பு. ஒரு பொருளை எந்த வடிவில் வைத்திருக்கிறோம் என்பதுதான் எந்தக் கேள்வி மலிவு, எந்தக் கேள்வி விலை அதிகம் என்பதைத் தீர்மானிக்கிறது. இந்தத் தொடர் முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது இதுதான். டாக்எல்லைப் போல அதை இத்தனை சுத்தமாகக் காட்டும் இன்னொரு நிரலை நான் பார்த்ததில்லை.

‘டாக்ஆர்’ இன்னும் விசித்திரம். ஒரே டாக் சார்பை நூறு பிரதி எடுத்து, நூறு பெயர் வைத்து, ஒன்று மற்றொன்றை அழைக்கும்படி பின்னியிருக்கிறார். அழைப்புகளின் எண்ணிக்கையிலோ கழித்தலிலோ ஒப்பீட்டிலோ எள்ளளவும் மாற்றம் இல்லை. ஆனால் சின்ன டாக், செயலிக்குப் பக்கத்திலேயே இருக்கும் கேஷ் நினைவகத்துக்குள் வசதியாக அடங்கிவிடுகிறது. நூறு பிரதிகள் அப்படி அடங்காமல் போகலாம். டாக்கில் முந்தும் இயந்திரம் கேஷ் கொடுத்த பலத்தில் முந்துகிறதா என்பது டாக்ஆரை ஓட்டினால் தெரிந்துவிடும்.

டாக்கின் பிறப்புக் கதையையும் சொல்லாமல் விட முடியாது. மூலச் சார்பை எழுதியவர் ஜப்பானைச் சேர்ந்த இகுவோ டக்கேயுச்சி. அவருடைய சார்பில், ‘ஆ’ சிறியதாக இல்லாவிட்டால் விடை ‘ஆ’. லிஸ்ப்பைப் படைத்த ஜான் மெக்கார்த்தி அதை நினைவிலிருந்து எடுத்துச் சொன்னபோது விடை ‘இ’ என்று மாறிவிட்டது. அந்த மாறிய வடிவம்தான் டாக் என்ற பெயரில் உலகமெங்கும் பரவியது. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அந்த எழுத்தால் வரும் மாற்றமோ மிகப் பெரிது. டக்கேயுச்சியின் மூலத்தில் விடை சொல்லும் இடத்தில் மூன்றாவது எண்ணின் மதிப்பு தேவையே இல்லை. தேவைப்படும்வரை எதையும் கணக்கிடாமல் தள்ளிப்போடும் மொழி ஒன்றில் அதை எழுதினால், மரத்தின் பெரும்பகுதி முளைப்பதே இல்லை. (12, 6, 0) என்ற சின்ன எண்களுக்கே வழக்கமான முறையில் ஒரு கோடிக்கு மேல் அழைப்புகள் ஆகும் கணக்கு, அங்கே நூற்றுச் சொச்ச அழைப்புகளிலேயே நின்றுவிடும். மெக்கார்த்தியின் டாக்கில் இந்த வசதி இல்லை. மூன்றாவது எண்தான் விடை என்பதால், தள்ளிப்போட்டதை எப்படியும் கடைசியில் கணக்கிட்டே ஆக வேண்டும். 1991இல் மெக்கார்த்தியைச் சிறப்பிக்க வந்த தொகுப்பில் கணினி அறிஞர் டொனால்ட் குனூத் இந்தச் சார்பை எடுத்துக்கொண்டு ஆராய்ந்திருக்கிறார். தொகுப்புக்கு அதைவிடப் பொருத்தமான கட்டுரை அமைந்திருக்க முடியாது.

கேப்ரியலின் திரட்டில் இன்னொன்றும் இருக்கிறது. அது நேராக நம் குறியீட்டுக் கணிதத்தின் வீட்டிலிருந்து வந்தது. பெர்க்லியில் ரிச்சர்ட் ஃபேட்மேன் எழுதிய ‘எஃப்ஆர்பாலி’. மூன்று மாறிகளையும் 1ஐயும் கூட்டி, அந்தக் கோவையை 2, 5, 10, 15 என்று அடுக்குகளுக்கு உயர்த்தி விரிக்கும் நிரல். 15ஆம் அடுக்கை விரித்தால் 816 உறுப்புகள் வரும். இதை மூன்று விதமாக ஓட்டுகிறார்கள். முதலில் கெழுக்கள் எல்லாம் 1. அடுத்து அதே கோவையை 100000ஆல் பெருக்கி. மூன்றாவதாகக் கெழுக்கள் தசம எண்கள். இரண்டாவதில் உறுப்புகள் அதே 816தான், படிகளும் அவையேதான். ஆனால் ஒவ்வொரு கெழுவின் பின்னும் 75 பூச்சியங்கள் சேர்ந்துகொள்கின்றன. இயந்திரத்தின் ஒரு சொல்லில் அடங்கும் எண் வேறு, பல சொற்களில் நீளும் எண் வேறு. எழுதியவர் கண்ணுக்கு இரண்டும் ‘முழு எண்’ என்ற ஒரே இனம். இயந்திரத்துக்கு முதலாவது ஒரே கட்டளை. இரண்டாவதுக்கு ஒரு துணை நிரலே வேண்டும்.

ஃபேட்மேன் பெயர் வந்தபிறகு 1973ஐத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. அப்போது அவர் எம்.ஐ.டி.யில் மேக்சிமா (Macsyma) என்ற குறியீட்டுக் கணித மென்பொருளின் குழுவில் இருந்தார். எண் கணக்குக்கு லிஸ்ப் லாயக்கில்லை என்பது அன்று பெரும்பாலோர் நம்பிய விஷயம். குறியீட்டுக் கணிதச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு தலையங்கத்துக்கு அவர் மறுப்பு எழுதினார். டெக்கின் பி.டி.பி.-10 கணினியில், எம்.ஐ.டி.யின் லிஸ்ப் வடிவமான மேக்லிஸ்ப்பின் கம்பைலர் உண்டாக்கிய நிரல், டெக் நிறுவனத்தின் சொந்த ஃபோர்ட்ரானை வேகத்தில் முந்திவிட்டது என்று அதில் காட்டினார். அது எப்படிச் சாத்தியமாயிற்று? லிஸ்ப்பில் எண் என்பது வழக்கமாக நினைவகத்தில் ஓரிடத்தில் இருக்கும். மற்றவை அந்த இடத்தைச் சுட்டிக்காட்டும். இந்த மாறியில் முழு எண்தான் வரும், இதில் தசம எண்தான் வரும் என்று எழுதுபவர் உறுதி கொடுத்தால், மேக்லிஸ்ப் கம்பைலர் அந்தச் சுட்டுதலை விட்டுவிட்டு நேரடியாக இயந்திரக் கணக்கைப் போடும். நான்கு ஆண்டுகள் கழித்து கணினி அறிஞர் கை ஸ்டீல் இந்த வேலையின் உட்புறத்தை விரிவாக எழுதினார். அதே 1977இல், சார்பை அழைப்பது செலவு மிகுந்தது என்ற நம்பிக்கையை உடைக்கவும் அவர் ஒரு கட்டுரை எழுதினார். டாக்கின் 63,609 அழைப்புகளுக்கு யாரும் பயப்படத் தேவையில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதைப் போல.

இனி மேத்தமெட்டிகா. டாக்கை அதில் எழுதுவது சுலபம், லிஸ்ப்பில் எழுதுவதைவிடவும் சுருக்கம். ஆனால் அங்கே ஒவ்வொரு அழைப்பும் ஒரு கோவை; சார்பின் பெயர் அதன் தலை, எண்கள் அதன் உறுப்புகள். மதிப்பிடும் பொறி அதன் தலையைப் பார்க்கிறது, அந்தத் தலைக்கு என்னென்ன விதிகள் எழுதியிருக்கின்றன என்று தேடுகிறது, வடிவம் பொருந்துகிறதா என்று ஒட்டிப் பார்க்கிறது, பொருந்தினால் மாற்றிவைக்கிறது, மாறிவந்ததை மறுபடி முதலிலிருந்து மதிப்பிடுகிறது. 63,609 முறையும் இத்தனையும்.

சரி, ‘கம்பைல்’ என்று ஒரு சார்பு இருக்கிறதே, அதில் போட்டால்? இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பழைய ‘கம்பைல்’ தன்னையே அழைக்கும் சார்பை உள்ளுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதது. அழைப்பு வந்ததும் வெளியே பழைய மதிப்பிடும் பொறியிடமே போய் நிற்கும். உள்ளும் வெளியுமாக அலைவதில் எதிர்பார்த்த வேகம் கரைந்துவிடும். 2019இல் 12ஆம் பதிப்போடு வந்த ‘ஃபங்ஷன்கம்பைல்’ இந்தக் குறையைத் தீர்த்தது.

ஆனால் மேத்தமெட்டிகாவுக்கே உரிய குறுக்குவழி ஒன்று உண்டு. டாக்கின் வரையறையிலேயே, கண்டுபிடித்த விடையை அந்த மூன்று எண்களுக்கான தனி விதியாக எழுதி வைத்துக்கொள் என்று ஒரு சமக்குறியில் சொல்லிவிடலாம். அடுத்த முறை அதே மூன்று எண்கள் வந்தால் கணக்கில்லை. விதி நேராக விடையைக் கொடுத்துவிடும். இதனால் எவ்வளவு மிச்சம்? (18, 12, 6)இல் தொடங்கினால் முதல் எண் 5க்கும் 18க்கும் நடுவே இருக்கும்; மற்ற இரண்டும் 6க்கும் 18க்கும் நடுவே. ஆகவே வரக்கூடிய மும்மைகள் 14 × 13 × 13, அதாவது 2,366ஐத் தாண்ட வழியே இல்லை. 63,609 எங்கே, 2,366 எங்கே! நினைவில் வைத்திருப்பதற்குத் தனிக் கருவி எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான் இதில் அழகு. அந்த மொழியில் விதியும் நினைவும் ஒரே பொருள். குறியீட்டு மொழி நிஜமாகவே கைகொடுக்கும் இடம் இது. கேப்ரியல் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அழைப்பின் செலவை அளப்பதற்காக வைத்த சோதனையில் அழைப்பையே தவிர்த்துவிட்டால் அளப்பதற்கு என்ன இருக்கிறது?

டாக்எல்லைத் தலைகீழாகத் திருப்பினால் மேத்தமெட்டிகாவின் இன்னொரு ரகசியம் கிடைக்கும். ‘எல்லாமே கோவை’ என்பது அந்த மொழியின் முதல் வாக்குறுதி. எண்களின் பட்டியலும் கோவைதான். ஒவ்வோர் எண்ணும் தனித்தனி கோவைதான். ஆனால் 1999இல் வந்த 4ஆம் பதிப்பிலிருந்து, ஒரே இன எண்கள் மட்டும் உள்ள பட்டியலை அது உள்ளுக்குள் நெருக்கி அடுக்கிவைக்கும். வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. பத்து லட்சம் தசம எண்கள் அடுக்கிய வடிவில் 80 லட்சம் பைட். அடுக்காமல் கோவைகளாகவே இருந்தால் 240 லட்சம். அந்தப் பத்து லட்சத்தில் ஏதேனும் ஒரே ஓர் இடத்தில் ‘பை’ என்ற குறியீட்டை வையுங்கள். 3.14159 என்ற எண்ணாக வைத்தால் ஒன்றும் ஆகாது. பை என்ற குறியீடாகவே வைத்தால் அடுக்கு முழுவதும் கலைந்து, பத்து லட்சமும் தனித்தனிக் கோவைகளாகிவிடும். அதன்பின் அந்தப் பட்டியல்மேல் செய்யும் ஒவ்வொரு வேலையும் மந்தமாகும். திரையில் ஓர் எச்சரிக்கைகூட வராது.

பட்டியல் உண்டாக்கும் ‘டேபிள்’ இன்னும் நுட்பமானது. 250 என்ற எல்லைக்குக் கீழே இருந்தால் அது ஒவ்வோர் உறுப்பையும் சாதாரணமாக மதிப்பிடும். அந்த அளவை எட்டினால், நம்மைக் கேட்காமல் தானே கம்பைல் செய்துகொண்டு, விடையை அடுக்கிய வடிவில் தரும். ஒரு சார்பைப் பட்டியலின் ஒவ்வோர் உறுப்பின்மேலும் ஓட்டும் ‘மேப்’புக்கு அந்த எல்லை 100. அதனால் 200 உறுப்புகளுக்கு எடுத்த நேரத்தை வைத்து 400க்கு எவ்வளவு ஆகும் என்று ஊகித்தால் ஊகம் பொய்த்துவிடும்; பெரிய பட்டியல் உறுப்புக்கு உறுப்பு மலிவாகவே வரும். ஆனால் அந்த 400 உறுப்புகளும் 2இன் அடுக்குகளாக இருந்தால்? 63ஆம் அடுக்கிலேயே எண் இயந்திரச் சொல்லை மீறிவிடும். கம்பைல் செய்த வழி அங்கே நின்றுபோய், பழைய வழிக்கே திரும்ப வேண்டியிருக்கும். ஃபேட்மேனின் 100000 இங்கேயும் வந்து நிற்கிறது.

‘மேப்’பில் இன்னொரு வேறுபாடு. வர்க்கம் காண ஒரு சார்பைப் பெயர் வைத்து விதியாக எழுதி, அதை ஒரு லட்சம் எண்கள்மேல் ஓட்டலாம். பெயரில்லாத தூய சார்பாக அந்த இடத்திலேயே எழுதியும் ஓட்டலாம். பட்டியலுக்கே நேராக 2 என்று அடுக்குப் போட்டுவிடவும் செய்யலாம். மூன்றிலும் விடை ஒன்றுதான். பெயர் வைத்த சார்பின் உள்ளே புகுந்து பார்க்கத் தானியங்கிக் கம்பைலுக்கு வழியில்லை, ஆகவே அது மெதுவானது. தூய சார்பு முழுதும் கண்முன்னே இருப்பதால் கம்பைல் ஆகிவிடும். மூன்றாவது, அடுக்கை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரே மூச்சில் முடித்துவிடும். நிரலை ஒழுங்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நல்ல பெயர் வைத்து எழுதுபவருக்கே இங்கே தண்டம் விழுகிறது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். நல்ல பழக்கத்துக்கு மொழி அபராதம் போடக்கூடாது.

சார்ட்டுக்கு இவ்வளவுதான் இடம். அடுத்த இதழுக்குள் ஒரு சோதனை செய்து வையுங்கள். பத்து லட்சம் தசம எண்களை எதேச்சையாக உண்டாக்கி, முதலில் வெறும் சார்ட், பிறகு பட்டியலைத் திருப்பிப் போடுங்கள். அடுத்து அதே எண்களை, ‘கிரேட்டர்’ என்ற ஒப்பீட்டைக் கையோடு கொடுத்து சார்ட் செய்யுங்கள். இரண்டுமே இறங்கு வரிசைதான். இரண்டாவதில் ஏறக்குறைய 2 கோடி ஒப்பீடுகளும் ஒவ்வொன்றாக மதிப்பிடும் பொறியின் வாசலுக்குப் போய்த் திரும்பும். நேரங்களைக் குறித்து வையுங்கள். அங்கிருந்து, திரும்ப வரும் உறுப்புகளை நீக்கித் தரும் ‘யூனிய’னுக்குப் போவோம். அதில் இரண்டு உறுப்புகள் சமமா என்று பார்க்கும் சோதனை ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தால் 10,000 உறுப்புகளுக்கே 5 கோடி இணைகளை ஒப்பிட நேரும்.